சிவப்பு நூல் கட்டிய ஸ்டாண்டு

நாமக்கல்லின் கடைசி லாரிப் பட்டறையைத் தாண்டும்போது மணி ஐந்தே கால் இருக்கும். தோளில் ஒரு பை. பையில் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, செல்போன் சார்ஜர். சேலம் ரோட்டின் ஓரமாக வடக்குப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ்கள் இரண்டு முறை மெதுவாகி, நான் கை காட்டாததால் போய்விட்டன.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. போர் போடும் ரிக் லாரி, முட்டை லோடு, விசைத்தறி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் காயப்போடும் களம் என்று முப்பத்து நான்கு வயதுக்குள் பதினோரு இடம் பார்த்தாகிவிட்டது. சில இடங்களில் துரத்தினார்கள். சில இடங்களில் நானே கிளம்பினேன். இந்த ஒரு இடத்தில் மட்டும்தான், சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று சொன்ன பிறகு பையை எடுத்தேன். அங்கே இருந்த மேடத்தின் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். அந்த நாற்காலி காலியானதற்குக் காரணம் நான். இது எனக்கும் மேடத்துக்கும் மட்டும் தெரியும்.

அது தண்ணீர் சோதிக்கும் லேப். கோழி மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. முதலாளி, மேடம், நான், அவ்வளவுதான் ஆட்கள். கோழிப் பண்ணைக்காரர்களும் தோட்டக்காரர்களும் போர்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருவார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்குச் சேலத்தில் பெரிய மெஷின் உள்ள இடத்துக்கு அனுப்புவோம். இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் எங்கள் பாடு. குளோரைடு, சல்பேட், நைட்ரேட், கார்பனேட், சல்பைடு. எதிரயனிகள் என்று அங்கிருந்த புத்தகத்தில் போட்டிருந்தது. ஒன்பதாவதோடு நின்றவனுக்கு அவை ஐந்து விதமான அழுக்கு. டியூப்புகளைக் கழுவுவது என் வேலை.

மேடத்துக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கம். முன்பு ஒரு கல்லூரி லேப்பில் மாணவர்களுக்கு உப்பு எடுத்து வைக்கும் வேலையில் இருந்தவர். எதையும் மூக்கருகே கொண்டுபோக மாட்டார். பாட்டிலைத் தள்ளி வைத்துக்கொண்டு, வலது கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறி முகர்வார். ஆசிட்டை அப்படித்தான் முகர வேண்டும். மேடம் டீயையும் அப்படித்தான் முகர்வார். கீழே டீக்கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“ஏனுங் மேடம், எங்க கட டீ என்ன வெசமுங்களா?”

“உங்க டீ இல்லீங்க. உங்க தண்ணி.”

“தண்ணிக்கு என்னுங்க? மூணு தலைமுறையா குடிக்கறோம்.”

“பாத்தா தெரியுதுங்க,” என்று சொல்லிவிட்டு மேடம் குடித்தார். முழுக் கிளாஸையும் குடித்தார். கடைக்காரர் அன்று பூராவும் வருகிறவர்களிடமெல்லாம் அந்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று நாற்பது டியூப் கழுவி வைத்தேன். மேடம் ஒன்றை எடுத்தார். அதில் காய்ச்சி வடித்த வடிநீர் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றினார். சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு, கறுப்பு அட்டைக்கு முன்னால் பிடித்தார். மோர் கரைத்த மாதிரி உள்ளே வெள்ளையாகக் கலங்கியது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு.

“டியூப்பு ‘இன்னும் கழுவல’ங்குதே.”

“நல்லாக் கழுவினேனுங்க.”

நான் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. டியூப்பைத் திரும்ப என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். எரிச்சலாக இருந்தது. திட்டினால் பதில் சொல்லலாம். என்னை விட்டுவிட்டு ஒரு கண்ணாடித் துண்டைக் கேட்டு அதன் பேச்சை நம்புகிறவரிடம் என்ன சொல்வது?

மேடம் அப்படித்தான். ஆளைக் கேட்க மாட்டார். கேட்டாலும் ஒரு தடவைதான். அதற்குப் பிறகு டியூப்பைத்தான் கேட்பார்.

ஒருமுறை தீவன வியாபாரி ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். மேடத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அந்தக் கல்லூரியில் படித்தவராம்.

“மேடம், என்னத் தெரியுதுங்களா? பிராக்டிகல் பரீட்சைல உப்பு பேரு சொல்லுங்கன்னு எத்தன வாட்டி கண்ணக் காட்டுனேன்! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இந்நேரம் டாக்டருங்க.”

மேடம் டியூப்பைத் துடைத்துக்கொண்டே, “சொல்லாததால நாமக்கல்லுல நாலு பேரு உசுரோட இருக்காங்க,” என்றார்.

வியாபாரி மேசையைத் தட்டிச் சிரித்தார். “அது என்ன உப்புங்க, இப்பவாச்சும் சொல்லுங்க.”

“நீங்க என்ன எழுதுனீங்க?”

“சல்பேட்டுங்க.”

“பேரியம் குளோரைடு ஊத்துனப்ப வெள்ள வந்துச்சா?”

“ஒண்ணும் வரலீங்க. பக்கத்துப் பையன் எழுதுனதப் பாத்துப் போட்டுட்டேன்.”

“அப்ப டியூப்பு உங்ககிட்ட சரியாத்தான் சொல்லியிருக்குது.”

அந்த மனிதர் போகும்போது படியில் நின்று இன்னொரு தடவை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எல்லா நேரமும் சிரிப்பு வராது. மேடத்தின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வடக்கே போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள். எப்போது வருவார் என்று ஒருநாள் கேட்டேன்.

“வந்தாத் தெரியும்.”

“போன் போட்டுக் கேக்கலாமுங்களே?”

“கேட்டா என்னமோ ஒண்ணு சொல்லுவாரு. சட்டையத் தொவைக்கறப்ப பாக்கெட்டுல எடைச் சீட்டு இருக்கும். எந்த ஊரு, எந்த நாளு, எத்தன மணின்னு அதுல அடிச்சிருக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. பிப்பெட்டில் தண்ணீரை அளந்துகொண்டே சொன்னார். அந்த மனிதர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, தான் எங்கே போனேன் என்று சொல்ல ஆரம்பித்தால், இவர் எழுந்து சட்டையை எடுத்துக்கொண்டு துவைக்கும் கல்லுக்குப் போவார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் நான் ஒரு வாரம் இருக்க மாட்டேன்.

நைட்ரேட் பார்ப்பதுதான் அங்கே பெரிய காரியம். தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, டியூப்பில் ஊற்றி, அன்றைக்கே கரைத்த பெரஸ் சல்பேட்டைச் சேர்ப்பார். பிறகு டியூப்பைச் சாய்த்துப் பிடித்து, உள்சுவர் வழியாக அடர்ந்த கந்தக ஆசிட்டை மெதுவாக இறக்குவார். ஆசிட் கனமானது, அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே தண்ணீர், கீழே ஆசிட். நைட்ரேட் இருந்தால் இரண்டும் தொடும் இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் கட்டும். டியூப் ஆடினால் வளையம் கலைந்துவிடும். அதனால் மின்விசிறியை நிறுத்துவார். கதவைச் சாத்துவார். நின்றால் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். மேசையில் தொடை பட்டால் மேசையும் ஆடும்.

“நீங்க வெளிய போயி நில்லுங்க,” என்பார்.

நான்கு மாதம் அங்கே வேலை செய்தும் கடைசி வாரம் வரை அந்த வளையத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் படியில் உட்கார்ந்திருப்பேன்.

குளோரைடு பார்க்கும் டியூப்புகளில் நாளாக நாளாக வெள்ளிக் கறை கறுப்பாகப் பிடிக்கும். அதைப் போக்க நைட்ரிக் ஆசிட்டில் ஊறப்போட வேண்டும். ஆனால் நைட்ரேட் பார்க்கும் டியூப்பை அந்த ஆசிட்டின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஆசிட் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும், எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் வளையம் வரும். கங்கைத் தண்ணீரை ஊற்றினாலும் வரும். அதற்காக நைட்ரேட் டியூப்புகளுக்குத் தனி ஸ்டாண்டு வைத்து, அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தார் மேடம். அவற்றைச் சோப்பிலும் வடிநீரிலும் மட்டும்தான் கழுவ வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். எனக்கும் நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் திருச்செங்கோட்டிலிருந்து பழைய ரிக் நண்பன் போன் செய்தான். கர்நாடகாவிலிருந்து வண்டி வந்திருக்கிறது, எல்லோரும் கூடியிருக்கிறோம், வா என்றான். அறுபது டியூப் கழுவாமல் கிடந்தது. மேடம் வங்கிக்குப் போயிருந்தார். எல்லாவற்றையும் சேர்த்து ஆசிட் தொட்டியில் போட்டேன். கால் மணி நேரத்தில் எடுத்து, ஒரே ஒரு முறை வாளியில் முக்கி, காய்ந்ததும் காயாததுமாக அந்தந்த ஸ்டாண்டில் வைத்தேன். சிவப்பு நூல் ஸ்டாண்டும் நிறைந்துவிட்டது. மூன்று மணிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் ஓர் அம்மாள் குளிர்பான பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். புதுச்சத்திரத்துக்கு மேற்கே தோட்டக்காட்டில் வீடு. ஆடு வளர்க்கிறவர்.

“ஒரு மாசத்துல மூணு குட்டி போச்சுங்க. ஆட்டு டாக்டரு தண்ணியப் பாத்துட்டு வாங்கன்னாரு. மேகாட்டுக்காரன் மரவள்ளிக்கு மூட்ட மூட்டையா உரம் கொட்டறான். அது எறங்கி எங்க கெணத்துக்கு வருதோ என்னமோ.”

மேடம் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அந்த அம்மாளும் படியில் உட்கார்ந்திருந்தோம்.

“மேச்சேரி ஆடுங்களா?” என்று கேட்டேன். எனக்குச் சொந்த ஊர் மேச்சேரிப் பக்கம்.

“ஆமாஞ்சாமி. மொத்தம் இருவத்திரெண்டு. செவலையா, கொம்பில்லாம, ஒண்ணு வெச்சாப்புல ஒண்ணு இருக்கும். பட்டிய தொறந்து உட்டா ஓடற தண்ணி கணக்காப் போவும்.”

அந்த ஆட்டின் நடையை எனக்குத் தெரியும். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கதவு திறந்தது. மேடம் கையில் இரண்டு டியூப். ஒன்று பிளாங்க். வெறும் வடிநீரை ஊற்றி, அதே மருந்துகளை அதே மாதிரி விட்டுப் பார்ப்பது. அதில் ஒன்றும் வரக் கூடாது. பிளாங்க் பார்க்காமல் மேடம் எதையும் எழுதியதில்லை. அதற்கென்று ஒரு டியூப்பைத் தன் கையாலேயே கழுவி, கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். என் கழுவலை நம்பவில்லை, அதனால். அந்த டியூப் சுத்தமாக இருந்தது. ஸ்டாண்டிலிருந்து எடுத்த மற்றதில் வளையம் இருந்தது. கிளாஸில் டீ காய்ந்த கோடு போல.

“இதுங்களா?” என்று அந்த அம்மாள் குனிந்து பார்த்தார்.

“அதுதானுங்க.”

“பாக்க அழகாத்தான் இருக்குது, எழவு.”

நானும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். சனிக்கிழமை ஞாபகம் வந்தது. உரம் இறங்கியிருந்தாலும் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் ‘நைட்ரேட் உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “எவ்வளவுன்னு சேலத்துல இருந்து பத்து நாள்ல வரும். அது வரைக்கும் ஆட்டுக்கு இந்தத் தண்ணி காட்டாம இருக்கறது நல்லதுங்க.”

“பத்து நாளைக்கு இருவத்திரெண்டு ஆட்டுத் தண்ணிக்கு நான் எங்கீங்க போவேன்?”

அந்த அம்மாள் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மூன்று வேறு வேறு ஊர்த் தண்ணீர் வந்தது. மூன்றிலும் வளையம். நான் வழக்கம்போலப் படியில் இருந்தேன். நெடுநேரமாகியும் கதவு திறக்கவில்லை. லேசாகத் தள்ளி எட்டிப் பார்த்தேன். மேடம் சிவப்பு நூல் ஸ்டாண்டிலிருந்து ஒரு டியூப்பை எடுத்து அதில் வெறும் வடிநீரை ஊற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். வளையம் வந்தது. இன்னொரு டியூப். அதிலும் வந்தது.

“சனிக்கெழம இத எதுல போட்டீங்க?”

“எப்பவும் போலத்தானுங்க மேடம்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த டியூப்பில் இரண்டு சொட்டு வடிநீர் விட்டு உருட்டி, நீல லிட்மஸ் தாளை நுனியில் நனைத்தார். தாள் சிவந்தது. அவ்வளவுதான். இரண்டாவது தடவை என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொள்வதற்குச் செலவில்லை.

அந்த அம்மாளின் பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரைத் தன் கைக்குட்டை டியூப்பில் ஊற்றிப் பார்த்தார். வளையம் இல்லை. மறுபடியும் பார்த்தார். இல்லை. போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை. கைப்பையை மாட்டினார்.

“நீங்களும் வாங்க.”

புதுச்சத்திரத்தில் இறங்கி மேற்கே நான்கு கிலோமீட்டர் நடந்தோம். மேடம் எனக்கு முன்னால் நடந்தார். அந்த வேகத்தில் அவர் நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு மைல் தள்ளியே போர் போடும் ரிக்கின் கம்ப்ரஸர் சத்தம் கேட்டது. நான் இரண்டு வருடம் ரிக்கில் இருந்தவன். பாறையில் ஈரம் இருந்தால் சத்தம் வேறு மாதிரி அமுங்கி வரும். இது வறண்ட சத்தம். பக்கத்துக் காட்டு மரவள்ளி இலைகளெல்லாம் மாவு பூசியது போலச் சாம்பல் நிறத்தில் நின்றன.

ரிக் அந்த அம்மாளின் வாசலோரம்தான் நின்றது. மேடம் நேராக ரிக்காரனிடம் போனார். “நிறுத்துங்க.”

“நீங்க யாருங்க?”

“தண்ணி டெஸ்ட் பண்றவ.”

“தண்ணி வந்தாத்தானுங்க டெஸ்ட்டு. நானூத்தி இருவது அடி போயாச்சு, புழுதிதான் வருது. வேணுன்னா அதப் புடிச்சிட்டுப் போங்க.”

ரிக் பையன்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். பின்னால் மகள், இடுப்பில் குழந்தை. பட்டியில் ஒரே ஒரு நொண்டி ஆடு நின்றது. சத்தம் நின்றதும் அது கத்தியது கேட்டது.

“உங்க பழைய தண்ணி நல்ல தண்ணிங்க,” என்றார் மேடம். “எங்க டியூப்புதான் கெட்டது. நான் தப்பா எழுதிட்டேன்.”

“வளையம் வந்துச்சுங்களே? நானே பாத்தனே?”

“அந்த வளையம் உங்க தண்ணிது இல்லீங்க. டியூப்புல ஒட்டியிருந்த ஆசிட்டுது.”

அந்த அம்மாள் முகத்துத் துண்டை அவிழ்த்தார். துண்டு மறைத்த இடம் மட்டும் கறுப்பாக, மற்ற இடமெல்லாம் சாம்பலாக இருந்தது.

“அப்ப குட்டி எதுல செத்துச்சு?”

“தெரியலீங்க.”

“இருவத்தோராட்டையும் நேத்தே வண்டில ஏத்திப்போட்டனுங்க. செத்துப் போறதுக்கு முன்னால கறிக்காரனுக்காச்சும் போவட்டும்னு. அந்தக் காசுலதான் இந்த வண்டி வந்துது. மேகாட்டுக்காரன வாயில வந்ததெல்லாம் பேசிப்போட்டேன்.” துண்டை உதறினார். “ஏம்மா, ஒரு கண்ணாடிக் குழாயக் கழுவறதுக்கு உங்க ஊர்ல ஆளில்லீங்களா?”

“என் மேசைல வந்த தப்புங்க. என்னுதுதான்.”

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

மேடம் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு கேட்டார். மகள் கொண்டுவந்து கொடுத்தாள். முகரவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. அண்ணாந்து முழுவதையும் குடித்தார். அந்த அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடித்தால் ஆடு வந்துவிடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தேதான் மேடம் குடித்தார்.

மறுநாள் முதலாளி வந்தார். அதற்குள் மேடம் திருத்திய தாளை எழுதி, அந்த வாரம் நைட்ரேட் பார்த்த எல்லோருக்கும் போன் செய்து முடித்திருந்தார்.

“இருக்குன்னு எழுதுனதுக்கு எவன் வந்து கேக்கப் போறான்?” என்று முதலாளி கத்தினார். “இல்லைன்னு எழுதி, ஏதாச்சும் செத்தாத்தான் வம்பு. தப்பா எழுதிட்டோம்னு நாமளே ஊரு பூராச் சொன்னா, நாளைக்கு எவன் பாட்டலத் தூக்கிட்டு மாடி ஏறுவான்?”

மேடம் டியூப்புகளைத் துடைத்து ஸ்டாண்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

“டியூப்பக் கழுவுனது யாரு?” முதலாளி என்னைப் பார்த்தார்.

“கையெழுத்து என்னுதுங்க,” என்றார் மேடம்.

“நான் அதக் கேக்கலீங்க.”

“தாள்ல அதுதானுங்க இருக்குது.”

“அப்ப நாளைல இருந்து நீங்க வர வேண்டியதில்லீங்க.”

நான் தொட்டியருகே குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தேன். வாயைத் திறக்க இரண்டு பேரும் எனக்கு நேரம் கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். நான் திறக்கவில்லை. மேடம் கைக்குட்டை டியூப்பை எடுத்துக் கைப்பையில் வைத்தார். குடையை எடுத்தார். என்னைத் தாண்டும்போது நின்றார்.

“குழாய மூடுங்க. தண்ணி வீணாப் போவுது.”

படி இறங்கிப் போய்விட்டார். என்னைக் காப்பாற்ற நினைத்தாரா, இல்லை என் பேச்சு எதற்கும் ஆகாது என்று முடிவுகட்டிவிட்டாரா என்று தெரியவில்லை. நான்கு மாதம் பக்கத்தில் இருந்தும் அவரைப் பற்றி இது ஒன்றை என்னால் சொல்ல முடியாது.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “நாளைலருந்து நீயே ஊத்திப் பாரு. வெள்ள வந்தா இது, வளையம் வந்தா அது. நாலு கலரு, இதுக்கு எதுக்கு டிகிரி? சம்பளமும் சேத்தித் தாரேன்.”

“செரிங்க,” என்றேன். மாடி இறங்கி, தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பையை எடுத்தேன்.

சேலம் போவதாகத்தான் நினைப்பு. அங்கே கல் ஏற்றும் லாரிகளில் எப்போதும் ஆள் தேவைப்படும். நன்றாக இருட்டிய பிறகு புதுச்சத்திரம் வந்தது. பஸ் ஸ்டாப் நிழற்குடையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். காலையில் சேலம் பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தும் விட்டேன். கண்டக்டர், “ஏறுங்க, இல்ல எறங்குங்க,” என்றார். இறங்கி மேற்கே நடந்தேன்.

அந்த அம்மாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். ரிக் போய்விட்டிருந்தது. இறக்கிய இரும்புக் குழாயையும் உருவிக்கொண்டு போயிருந்தார்கள். ஆறரை அங்குலக் குழியின் வாயில் ஒரு சாக்கைப் போட்டுக் கல்லை வைத்திருந்தார்கள். பக்கத்தில் சாம்பல் மண் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. குழந்தையின் இடுப்பில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, மறுநுனியைக் கட்டில் காலில் முடிந்திருந்தார்கள். அது தவழ்ந்து போய்ப் போய் இழுபட்டு உட்கார்ந்தது.

“ஏஞ்சாமி, இன்னைக்கு வேற மாதிரி எழுதிக் கொண்டாந்துட்டீங்களா?”

“இல்லீங்க. அந்த டியூப்பக் கழுவுனது நானுங்க. ஆசிட்ல போட்டுட்டு, செரியா அலசாம வெச்சுட்டேன். அந்தம்மா கேட்டப்ப இல்லைன்னுட்டேன்.”

விளக்குமாறு நின்றது.

“அந்தம்மாளுக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“வேலைல இருக்குதா அது?”

“இல்லீங்க. அனுப்பிட்டாங்க.”

அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அதுவரை இருந்த ‘நீங்க’ போய்விட்டது.

“இப்ப எதுக்கு வந்தே?”

“ஏதாச்சும் வேல இருந்தா செய்யறனுங்க.”

“ஆடு மேய்க்கவா? ஒத்த நொண்டிக்கு ஆளு வேற.” மறுபடியும் கூட்ட ஆரம்பித்தார். வாசல் மூலைவரை கூட்டி முடித்துவிட்டு, விளக்குமாற்றால் குழிப் பக்கம் காட்டினார். “அத மூடோணும். அடிவரைக்கும். புள்ளைய ரெண்டு நாளாக் கட்டிப் போட்டிருக்குது, மாடு கணக்கா. கூலி எவ்வளவு?”

“கூலி வேண்டாமுங்க.”

“வேண்டாம்னு சொல்றவன் பாதில போயிருவான். கூலி வாங்கறவந்தான் முழுசா மூடுவான். கூலி உண்டு. மம்முட்டி அங்க இருக்குது.”

மண்வெட்டியை எடுத்துவந்து கல்லைப் புரட்டினேன். சாக்கை எடுத்தேன். உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஒரு சட்டி மண்ணை அள்ளிக் கவிழ்த்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். நானூற்று இருபது அடி. அது அடியில் போய்ச் சேர்ந்த சத்தம் கேட்கவில்லை. அடுத்த சட்டியை அள்ளினேன்.